நேரலை திக்குதுன்னு புதுப் பெட்டி வாங்காதீங்க

தைப்பூசம் நெருங்குது. வழக்கம்போல அதே கேள்வியும் எங்களுக்கு வர ஆரம்பிச்சிடுச்சு: "வீட்டு டிவியில கோயில் நேரலை விட்டு விட்டு ஓடுது, கடையில புதுப் பெட்டி வாங்கச் சொல்றாங்க, வாங்கலாமா?" தொண்டர்கள் நாங்க சொல்றது, அவசரப்பட்டு வாங்காதீங்க. அதோட, நம்ம நேரலையை 4கே தரத்துக்கு மாத்தணும்ங்கிற பேச்சிலும் எங்களுக்கு உடன்பாடில்லை.

2021 தைப்பூசத்தை நினைச்சுப் பாருங்க. ஜனவரி 28. ஜொகூரில் அப்போ மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. வீட்டிலிருந்தே தரிசனம் பண்ணினோம். அந்தக் காலத்துலதான் நம்ம பல வீடுகளில் டிவிக்குப் பின்னால ஒரு சின்னக் கணினி வந்து உட்கார்ந்துச்சு. சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. ஆணை போயாச்சு. ஆனா முட்டி வலியில படி ஏற முடியாத பெரியவங்களுக்கு இன்னைக்கும் அந்தப் பெட்டிதான் சந்நிதி. பாலாபிஷேகம் நடக்கும்போது படம் உறைஞ்சு நின்னு, மறுபடி ஓடும்போது அலங்காரமே முடிஞ்சிருந்தா அவங்க மனசு என்ன பாடுபடும்?

முதல்ல ஒண்ணைக் கவனிங்க. திரையில வட்டம் சுத்துதுன்னா அது இணையப் பிரச்சினை. நாதஸ்வரம் தடையில்லாம கேக்குது, படம் மட்டும் வெட்டி வெட்டி வருதுன்னா இணையத்தைத் திட்டாதீங்க. பெட்டியால படத்தை விரிக்க முடியலைன்னு அர்த்தம்.

காணொளி சுருக்கப்பட்டுத்தான் வருது. அதை விரிக்கிறதுக்குன்னே சிப்புக்குள்ள தனிச் சுற்று ஒண்ணு இருக்கு. ஆனா அதுக்குத் தெரிஞ்ச சுருக்க முறை மட்டும்தான் தெரியும். தெரியாத முறையில வந்தா மொத்தச் சுமையும் சிறிய பிராசஸர் தலையில விழும். அன்னதானத்துக்கு ஆயிரம் பேர் காத்திருக்க, கிரைண்டரை ஓரமா வெச்சுட்டு அம்மியில மாவரைக்கிற மாதிரி. 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 எச்.264, எச்.265 இரண்டையும் சுலபமா விரிக்கும், வி.பி.9க்கும் ஏ.வி.1க்கும் அதில் சுற்று கிடையாது. 2023இல் வந்த இன்டெல் என்100 வகைப் பெட்டிகளுக்கு ஏ.வி.1 தெரியும். புதுசு வாங்கினா எல்லாம் தெரியும்னும் சொல்ல முடியாது. ராஸ்பெர்ரி பை 5இல் எச்.264 சுற்றையே எடுத்துட்டாங்க!

யூடியூப் ஒரே நேரலையைப் பல முறைகளில் சுருக்கி வெச்சிருக்கு. உங்க பிரவுசர் "எனக்கு வி.பி.9 ஓடும்"னு சொன்னா அதைத்தான் அனுப்பும். படத்து மேல ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து பாருங்க. எந்த முறை, எத்தனை ஃப்ரேம் விழுந்துச்சுன்னு அதிலேயே காட்டும். விழுந்த எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருந்தா, குரோம் அமைப்பில 'சிஸ்டம்' பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. அதுவும் சரியா இருந்தா, 'எச்264இஃபை'ன்னு ஒரு இலவச நீட்சி இருக்கு, அதைப் போடுங்க. பழைய பெட்டிக்குத் தெரிஞ்ச எச்.264 மட்டும் வரும். பல வீடுகளில் இதோட வேலை முடிஞ்சிடும். செலவு ஒரு காசு இல்லை.

இன்னொரு விதமான திக்கலும் உண்டு. ஃப்ரேம் எதுவும் விழலை, ஆனா தீபாராதனை சுத்தும்போது சுடர் துள்ளித் துள்ளிப் போகுது, தேர் நகரும்போது நடுங்குது. நம்ம நேரலை நொடிக்கு 25 படம். கணினி டிவிக்கு நொடிக்கு 60 தடவை அனுப்புது. 60ஐ 25ஆல் வகுத்தா சரியா வராது, அதனால சில படம் ரெண்டு தடவையும் சில படம் மூணு தடவையும் நிக்கும். டிஸ்பிளே அமைப்பில 50 ஹெர்ட்ஸ் ஆக்கினா ஒவ்வொண்ணும் ரெண்டே தடவை, துள்ளல் நின்னுடும். கோடி வழியா பழைய திருவிழாப் பதிவு பார்க்கிறவங்களுக்கு, படத்துக்கு ஏத்த மாதிரி தானே மாத்திக்கிற வசதி அதிலேயே இருக்கு.

இருபது நிமிஷம் நல்லா ஓடி அப்புறம் திக்குதா? சூடு. பெட்டியைச் சாமி அலமாரியில, விளக்குக்கும் சாம்பிராணிக்கும் பக்கத்துல வைக்காதீங்க ஐயா. காத்தாடி இல்லாத பெட்டி நம்ம ஊர் வெக்கையில சீக்கிரம் வேகத்தைக் குறைச்சுக்கும்.

இப்போ 4கே விஷயம். கேமராவுக்கு உபயம் தர ஓர் அன்பர் முன்வந்திருக்கார். நல்ல மனசு. ஆனா 4கேயில் 1080பியைவிட நாலு மடங்கு புள்ளிகள். 1080பிக்கு மேல யூடியூப் எச்.264இல் தர்றதும் இல்லை. தரத்தைக் கீழே இறக்கிப் பார்க்கலாமேன்னு இளைஞர்கள் சொல்றாங்க. உங்களுக்குத் தெரியும், தனியா உட்கார்ந்திருக்கிற பாட்டிக்குத் தெரியுமா? 'ஆட்டோ'வில் விட்டா திரை அளவையும் இணைய வேகத்தையும் பார்த்துப் பெரிசைத்தான் எடுக்கும். யாருக்காக நேரலை நடத்துறோமோ அவங்க வீட்டுப் பெட்டிதான் முதல்ல திணறும். பத்தடி தள்ளிப் பார்க்கிற கண்ணுக்கு 1080பி போதும். அந்தப் பணத்துல கருவறைப் பக்கம் நல்ல மைக் ரெண்டு வைக்கலாம். குருக்கள் சொல்ற மந்திரம் மேளச் சத்தத்துல அமுங்கிப் போகுதுன்னு எத்தனை பேர் சொல்லியிருக்கீங்க! நிர்வாகக் கூட்டத்துல இதைத்தான் கேக்கப் போறோம். உடன்படறவங்க வந்து குரல் கொடுங்க.

ஐபோனில் படம் பிடிச்சுப் பென்டிரைவில் தர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். கேமரா அமைப்பில 'ஃபார்மேட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' போட்டுக்குங்க, எச்.264ஆ பதிவாகும்.

வர்ற வெள்ளிக்கிழமை பூஜைக்கப்புறம் மண்டபத்துல இருப்போம். பெட்டியைக் கொண்டு வாங்க, பார்த்துச் சரி பண்ணித் தர்றோம். அடாப்டரையும் சேர்த்து எடுத்துட்டு வாங்க. போன தடவை மூணு பேர் வெறும் பெட்டியோட வந்து நின்னாங்க.