அண்ணாந்து பாருங்கள், தோழர்களே

ஜூலை 16 வருகிறது. 2004-இல் அது வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. மதியச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டிய இடத்தில் பற்றிய தீ கீற்றுக்கூரையில் ஏறியது. மாடியில் இருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இறங்க வழி போதவில்லை. 94 பிள்ளைகள் போய்விட்டார்கள். காலையில் தலை பின்னி, பூ வைத்து அனுப்பிய பிள்ளைகளை மாலையில் அடையாளம் காட்டச் சொல்லித் தாய்களைக் கூப்பிட்ட நாள் அது.

ஒன்பது ஆண்டு கழித்து, 2013-இல், அதே ஜூலை 16. பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்த் தொடக்கப்பள்ளி. சொந்தக் கட்டடம்கூட இல்லாத பள்ளி அது. மதிய உணவு சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. நம் வயல்களுக்கும் பழக்கமாயிருந்த பூச்சிமருந்துதான். 23 பிள்ளைகள் இறந்தார்கள். எண்ணெய் வாடை சரியில்லை என்று சமைத்த பெண் முன்பே சொல்லியிருந்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. அன்று பரிமாறிய பந்தியில் சமைத்தவர்களின் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னும் ஒன்று. 2025 ஜூலை 25, ராஜஸ்தான், ஜாலாவார் மாவட்டம், பிப்லோதி. அரசுப் பள்ளிக் கட்டடம் இடிந்து 7 பிள்ளைகள் மாண்டார்கள். மேலேயிருந்து கல் உதிர்கிறது என்று சொன்னோம், பேசாமல் உட்காரச் சொன்னார்கள் என்று தப்பிய பிள்ளைகள் சொன்னார்கள்.

இந்த மூன்றையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், தோழர்களே. பேரிடர் என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. கீற்றுக்கூரை தெருவில் போன அத்தனை பேர் கண்ணிலும் பட்டது. எண்ணெயின் வாடை சமையற்காரருக்குத் தெரிந்தது. கல் உதிர்வது பிள்ளைகளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு இடத்திலும் யாரோ முன்னாலேயே பார்த்திருக்கிறார்கள். பார்த்ததைக் கேட்டு எழுதி, நாலு பேராகப் போய் நிற்க ஆளில்லை. நம் ஊரில் அந்த ஆளாக நாம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குப் போன வாரம் என் மகளை விடப் போனேன். மூன்றாம் வகுப்பு அறையில் ஜன்னலோரம் யாரும் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டேன். "மேல இருந்து பொடி கொட்டும்ப்பா, சாப்பாட்டுல விழும்" என்றாள். அண்ணாந்து பார்த்தேன். ஒரு முழ அகலத்துக்குக் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. பிள்ளைகள் தாங்களாகவே இடம் மாறி உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. அந்தப் பள்ளி வழியாகத்தான் நானும் தினம் போகிறேன், பால் சொசைட்டிக்கு. ஒரு நாளும் உள்ளே நுழைந்து மேலே பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

தலைமையாசிரியரைக் குறை சொல்லி யாரும் கிளம்பிவிடாதீர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர். பாடமும் அவர்கள்தான், பதிவேடும் அவர்கள்தான், எமிஸ் இணையப் பதிவும் அவர்கள்தான். கட்டடம் பழுது என்று அவர் மட்டும் எழுதினால் அது ஒரு ஊழியரின் கடிதம். பெற்றோர் முப்பது பேர் கையெழுத்துப் போட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக வட்டாரக் கல்வி அலுவலர் மேசைக்குப் போனால் அது ஊரின் கோரிக்கை. ஆசிரியருக்குப் பக்கபலமாக நிற்கத்தான் போகிறோம்.

பள்ளி மேலாண்மைக் குழு என்றதும் நம்மில் பலர் அதை ஏதோ கையெழுத்து வாங்கும் சடங்கு என்று நினைக்கிறோம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தந்த குழு அது. உறுப்பினர்களில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. அதே 2009-இல், கும்பகோணம் தீக்குப் பிறகு தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் சேர்த்துத்தான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாம் யாரிடமும் சலுகை கேட்கப் போகவில்லை. அந்த 94 பிள்ளைகளின் பேரால் கிடைத்த உரிமை இது. பயன்படுத்தாமல் கிடக்கிறது.

பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் சொத்து, நமக்கென்ன என்ற பேச்சு எப்போது வந்ததென்றே தெரியவில்லை. காமராசர் காலத்தில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. இடம் கொடுத்தவர் உண்டு, பெஞ்சு செய்து கொடுத்தவர் உண்டு. பானை, தம்ளர் வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. அறுவடை முடிந்து ஒரு மரக்கால் நெல்லோடு பள்ளி வாசலுக்கு வந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம். நம் பள்ளி வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு மணி ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து கட்டியது. அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் களத்துமேட்டில் இருக்கிற பெண்கள் இன்றும் மணி பார்க்கிறார்கள். பிள்ளை இல்லாத வீட்டுக்காரருக்கும் அந்த மணியில் பங்கு இருக்கிறது. அதனால்தான் பெற்றோரை மட்டும் கூப்பிடவில்லை, இளைஞர் மன்றத் தோழர்களையும் மகளிர் குழு அக்காமார்களையும் சேர்த்துக் கூப்பிடுகிறேன்.

ஜூலை 16 காலை பள்ளி வாசலில் கூடுவோம். தலைமையாசிரியரிடம் பேசியாகிவிட்டது, அவருக்கு மகிழ்ச்சி. கொத்தனார் வேலை தெரிந்த தோழர்கள் இருவரும் வயர்மேன் அண்ணனும் கட்டாயம் வர வேண்டும். காரை எங்கே ஊதியிருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்ல அவர்களால்தான் முடியும். கழிப்பறைச் சுவரை விட்டுவிடாதீர்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். வகுப்பறையை ஆய்வு செய்ய வருகிறவர்கள்கூடக் கழிப்பறைப் பக்கம் போவதில்லை, நாற்றத்துக்கு. கழிவுநீர்த் தொட்டி மூடியின் மேல் யாரும் ஏறி நிற்காதீர்கள், ஓரத்தில் நின்று கம்பால் தட்டிப் பாருங்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் அந்த மூடி துருப்பிடித்துப் போயிருந்தது. மழலையர் வகுப்புப் பெண்குழந்தை ஒன்று உள்ளே விழுந்து இறந்தது. தகர மூடி எங்கே இருந்தாலும் அன்றைக்கே கான்கிரீட் பலகை போடுவோம். ஊரில் சிமெண்டு மூட்டை இல்லாத வீடா?

சத்துணவுக் கூடத்தில் காலை உணவு சமைக்கும் அக்காமாரிடமும் மதியம் சமைக்கும் சமையலரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். பொருள் எங்கே வைக்கிறார்கள், சிலிண்டர் எங்கே இருக்கிறது, எண்ணெய் டப்பாவை எங்கிருந்து எடுத்தார்கள் என்று அவர்கள் வாயால் கேளுங்கள். சோதனை போடுகிற தோரணை கூடாது. நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர்கள் அவர்கள். ஏதாவது சரியில்லை என்றால் பயமில்லாமல் சொல்லலாம், சொன்னால் அன்றைக்கு அந்த உணவைப் பரிமாற வேண்டியதில்லை, ஊர் பின்னால் நிற்கும் என்ற உறுதியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பீகாரில் அந்தப் பெண்ணுக்கு இல்லாமல் போனது அதுதான்.

தார்ச்சாலையில் வேகத்தடை வேண்டும் என்பதும், ஷேர் ஆட்டோவில் பதினைந்து பிள்ளைகளை ஏற்றுவதும் நமக்குத் தெரிந்த சங்கதிகள். ஆட்டோ ஓட்டுகிறவர்களும் நம் தோழர்கள்தான், அவர்களோடு தனியே பேசலாம்.

பேசக் கூச்சப்படுகிற ஒன்றைப் பேசியே தீர வேண்டும். கூரையும் சுவரும் மட்டும் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதால், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒதுங்கினால், உட்கார வைத்துக் கேளுங்கள். அடிக்காதீர்கள். அந்த ஆள் ஆசிரியரா, உறவுக்காரரா, ஊர்ப் பெரியவரா என்று பார்க்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். ஊர் மானம் என்று பஞ்சாயத்துப் பேசி மூடிவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் நாமே எழுதுவோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும், பெற்றோரும் செய்யட்டும்.

அன்று காலை பெரியவர்கள் பேசி முடித்த பிறகு ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு. எந்த இடம் பயமாக இருக்கிறது என்று ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் கேட்போம். அவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். அவர்கள் காட்டுகிற இடத்தையெல்லாம் எழுதிக்கொள்வோம். நம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் எழுதுவோம்.

பட்டியல் அன்று மாலையே மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக வேண்டும். நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்வோம். பழுதான அறையைப் பூட்டிவிட்டு, கட்டடம் சரியாகும் வரை மூன்றாம் வகுப்பை நூலகக் கட்டடத்தில் நடத்த ஊராட்சித் தலைவரிடம் கேட்போம். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முப்பது நாள் இருக்கிறது. அதற்குள் பதில் வராவிட்டால், அந்தச் சபையில் முதல் தீர்மானம் நம் பள்ளிக் கட்டடம்தான். நாலு பேர் போய் உட்கார்ந்தால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நானூறு பேர் போய் உட்கார்ந்தால் எழுந்து பதில் சொல்வார்கள்.

கும்பகோணம் வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2014 ஜூலை 30 வரை ஆனது. பத்து ஆண்டுகள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அத்தனை காலமும் கோர்ட்டுப் படி ஏறினார்கள். அந்தப் படிகளில் நாம் ஏறும் நிலை வரக் கூடாது, தோழர்களே. வட்டாரக் கல்வி அலுவலகப் படி ஏறுவோம், பத்து முறையானாலும்.

கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அரை நாள் கூலி போகும் என்று தெரியும். முடியாதவர்கள் வேலைக்குப் போகும் வழியில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டாவது போங்கள். ஜூலை 16, காலை 9 மணி, பள்ளி வேப்பமரத்தடி. மண்வெட்டி, சாந்துக் கரண்டி, ஏணி வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். மற்றவர்கள் ஒரு பேனா.