உயரத்தை அழிக்காதீங்க சார்!

எறணாகுளம் பிராட்வேக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷமாச்சு. படிச்சது தூத்துக்குடியில பி.காம். ஆனா வீட்டுக்கடன் ஃபைலோட வர்ற ஆட்டோகேட் படங்களைப் பார்த்துப் பார்த்து இப்ப அரை ட்ராஃப்ட்ஸ்மேன் ஆயிட்டேன் :-) அந்த அரைகுறை அறிவை வச்சுக்கிட்டுதான் இந்தச் சண்டை.

போன மாசம் மட்டாஞ்சேரியில ரொம்ப காலமா இருக்கிற நம்மாளு ஒருத்தர் குடும்பத்தோட வந்தார். ஊருக்கு வெளியே பத்து சென்ட் மனை. படத்துல பரப்பு 4.05 ஆர், பத்திரத்தோட சரியா ஒத்துப்போகுது. "ரோட்டை விட மனை எவ்வளவு பள்ளம் அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். "டோட்டல் ஸ்டேஷன் வச்சு அளந்தாங்களே சார், அதுல இருக்குமே"ன்னார். படம் போட்டவருக்கு போன் அடிச்சா, "ஃப்ளாட்டன் பண்ணி அதே ஃபைல்லயே சேவ் பண்ணிட்டேன் சார். அப்ரூவலுக்கு உயரம் தேவையில்லையே"ங்கிறார். அளந்தவர்கிட்டயும் பழைய ஃபைல் இல்ல!

தட்டையாக்கறதே தப்புன்னு நான் சொல்லல. டோட்டல் ஸ்டேஷன் ஒவ்வொரு புள்ளிக்கும் உயரத்தையும் சேர்த்தே தருது. அப்படி ரெண்டு புள்ளியை இணைச்சா கோடு சாய்வா நிக்கும். மேலேயிருந்து பார்த்தா 12 மீட்டர், உயர வித்தியாசம் 5 மீட்டர்னா, கோட்டோட நீளம் 13ன்னு காட்டும். பத்திரத்துக்கு வேண்டியது கிடைமட்ட அளவான 12தான். திரையில ஒட்டின மாதிரி தெரியற ரெண்டு கோடு உண்மையில மேலயும் கீழயுமா கிடக்கும். ஹேட்ச் விழாது, மூலை சேராது. அதனால எல்லாத்தோட உயரத்தையும் பூஜ்யமாக்கியே ஆகணும்.

அதுக்கு ஒரு பழைய தந்திரமும் இருக்கு. ஒண்ணுக்குப் பின்னால 99 சைபர் போட்ட உயரத்துக்கு மொத்தப் படத்தையும் தூக்கணும், அப்புறம் அதே அளவு கீழே இறக்கணும். கம்ப்யூட்டர் ஒரு எண்ணுல சுமார் 16 இலக்கம்தான் ஞாபகம் வச்சுக்கும். அவ்வளவு பெரிய எண்ணுக்கு முன்னால நம்ம ஒண்ணரை மீட்டர் உயரம் சில்லறை மாதிரி காணாமப் போயிடும்; இறக்கினா எல்லாம் பூஜ்யத்துல வந்து நிக்கும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனா எங்க பேங்க்ல எவனாவது லெட்ஜர்ல இப்படிச் சில்லறையை முழுங்கினா மறுநாளே சஸ்பென்ஷன்!

அப்ரூவல் ஒரு நாள் சமாச்சாரம். அண்ணாச்சி இருபது வருஷம் தவணை கட்டணும். 2018 ஆகஸ்டு வெள்ளத்துல நெடும்பாசேரி விமான நிலையமே 15ஆம் தேதியிலிருந்து 29 வரைக்கும் மூடிக் கிடந்த ஊருங்க இது. 2015 டிசம்பர்ல சென்னை பட்ட பாடும் மறக்கல. துபாய்லயும் சிங்கப்பூர்லயும் உட்கார்ந்து மனைக்குப் பணம் அனுப்பறவங்க கண்ணுல படறது அந்தத் தட்டைப் படம் மட்டும்தான். அதுல பள்ளமும் மேடும் ஒரே மாதிரிதான் தெரியும்.

என்ன பெரிய வேலை? ஃபைலை ஒரு நகல் எடுத்து, நகலைத் தட்டையாக்குங்க. மூலத்தைத் தொடாதீங்க. முக்கியமான இடங்கள்ல உயரத்தை எழுத்தாவே எழுதி வச்சா தட்டையாக்கின பிறகும் அந்த எண் அப்படியே நிக்கும். வீடு கட்டப்போற மக்களே, காசு கொடுக்கும்போதே அந்த மூல ஃபைலையும் கேட்டு வாங்கிடுங்க. உங்க காசுல அளந்தது அது.

அண்ணாச்சி மறுபடி செலவழிச்சு அளந்தார். ரோட்டை விட மனை 70 சென்டிமீட்டர் பள்ளம். மண் அடிக்கிற செலவு எஸ்டிமேட்ல ஒரு ரூபாய்கூட இல்ல.