பையில் இரண்டு நிறைகற்கள்

குர்லாவின் தமிழ்ச் சபைகளில் அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம் ஒன்றுண்டு: வேதமே அளவுகோல். பொட்டு வைக்கலாமா, பூச் சூடலாமா, நகை அணியலாமா, அடுத்த வீட்டார் தரும் தீபாவளிப் பலகாரத்தை வாங்கலாமா என எந்தக் கேள்வி எழுந்தாலும் வசனத்தைக் காட்டியே விடை தரப்படுகிறது.

அதே சபையினரின் கைப்பேசிகளில் வலம்வரும் ‘மணமகள் தேவை’ அறிவிப்புகளைப் படிப்போருக்கு அந்த அளவுகோல்மீது ஐயம் எழும். இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஜெப வாழ்க்கையுள்ள பெண் வேண்டும் என்று தொடங்கும் அறிவிப்பின் அடுத்த வரியிலேயே சாதியும் உட்பிரிவும் வந்து நிற்கின்றன. முதல் வரிக்கு வேதம். இரண்டாம் வரிக்கு ஊர்வழக்கம். பையில் இருவேறு நிறைகற்களை வைத்திருப்பதை உபாகமம் 25ஆம் அதிகாரம் தடைசெய்கிறது. அது கடைத்தெருவுக்கு மட்டும் உரிய விதியன்று.

இந்த முரண் மும்பையில் பிறந்ததன்று, ரயிலேறி வந்தது. குர்லா, தாராவி, செம்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர் பலருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அச்சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஒரே பீடத்தை நோக்கிய இரு கூடங்களுடன் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்று எழுந்தது: ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடார் உள்ளிட்ட ஏனையோருக்கு. இடைத்தடுப்பு 1910இல் அகற்றப்பட்டபோது, அதை இழந்தோர் முறையிடச் சென்ற இடம் வேதமன்று, நீதிமன்றம். அங்கும் அவர்கள் வெல்லவில்லை.

சீர்திருத்தச் சபைகளின் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1820களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் புதிய மிஷனரிமார்மீது நான்கு குறைகளை அடுக்கினார்: பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதிகளைக் கலக்கச் சொல்கிறார்கள், பூவை விலக்குகிறார்கள், வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுக்கிறார்கள். இந்நான்கையும் வேதத்தைக்கொண்டு அளந்தால் விடை ஒன்றாக வராது. மொழிபெயர்ப்பு அறிஞர்கள் வாதிட்டுத் தீர்க்கவேண்டியது. பூவுக்குத் தடை எங்கும் இல்லை. இசைக்கோ, கருவிகளையே பெயர் சொல்லி அழைக்கும் 150ஆம் சங்கீதம் இருக்கிறது. சாதியில் மட்டும் சாஸ்திரியார் பக்கம் வேதம் நிற்கவில்லை. பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையை யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென ஆணையிட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையைவிட்டு விலகினர்; சாதியைவிட்டு விலகவில்லை.

இன்றைய நிலை என்ன? வேதம் தடுக்காத பூ போய்விட்டது. வேதம் கண்டிக்கும் பாகுபாடு தங்கிவிட்டது.

நகையைப் பற்றி வசனம் உண்டே எனலாம். உண்டு, தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்திலும் பேதுருவின் முதல் நிருபத்திலும் உண்டு. அவ்வசனங்களை ஓர் எழுத்தும் பிசகாமல் கைக்கொள்வோர் யாக்கோபையும் அவ்வாறே கைக்கொள்ளட்டும் என்பதே இங்குள்ள கோரிக்கை. உணவு, நாள் போன்றவற்றில் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்கவேண்டாம் என்று ரோமர் 14 சொல்வதையும் பலகாரத் தட்டைத் திருப்பி அனுப்புமுன் படிக்கட்டும்.

சாதி வெறும் சமூக வழக்கம், விசுவாசத்தைத் தொடுவதில்லை என்பது அடுத்த வாதம். அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு உண்பதைவிட்டு விலகியதும் வெறும் பந்தி வழக்கமே. பவுல் அதைச் சுவிசேஷத்துக்கே முரணானதாகக் கண்டு எல்லோர் முன்னிலையிலும் அவரை எதிர்த்தார்.

ஆபிரகாம் தன் மகனுக்குச் சொந்த இனத்தில் பெண் தேடவில்லையா, எஸ்றா அந்நிய மனைவியரை அனுப்பிவிடச் செய்யவில்லையா என்போர் உண்டு. எஸ்றாவின் கவலை பிற தெய்வ வழிபாடு. அறிவிப்பில் கேட்கப்படும் பெண்ணோ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவள். மோசேயின் அந்நிய மனைவியைக் குறித்து முறுமுறுத்த மிரியாமுக்கே குஷ்டம் வந்தது என்கிறது எண்ணாகமம் 12. மோவாபியப் பெண்ணான ரூத்தை இயேசுவின் வம்ச வரலாற்றிலேயே மத்தேயு சேர்க்கிறார்.

தமிழ் வேதாகமத்திலேயே ‘ஜாதி’ என்னும் சொல் இருக்கிறதே என்பதும் சிலர் எடுக்கும் ஆயுதம். புதிய ஏற்பாட்டில் அச்சொல் நிற்கும் பெரும்பாலான இடங்களில் கிரேக்க மூலத்தின் சொல் ‘எத்னோஸ்’; பொருள் மக்களினம், தேசத்தார். தமிழ்ச் சொல்லையே பிடித்து வாதிட்டாலும் வழக்கு தோற்கும். ஏனெனில் பேதுருவின் முதல் நிருபம் விசுவாசிகள் அனைவரையும் சேர்த்து ஒரே ஜாதி என்கிறது.

இதில் இழப்பவர்கள் பெயரற்றவர்கள் அல்லர். ஒரே வாலிபர் கூட்டத்தில் வளர்ந்து, ஒருவரையொருவர் விரும்பி, பெற்றோர் முன்னும் போதகர் முன்னும் மறுக்கப்படும் இளைஞர்களும் பெண்களுமே அவர்கள். போதகர் அங்கே குடும்ப விஷயம் என்று ஒதுங்குகிறார்; அடுத்த ஞாயிறு பூவைப் பற்றிப் பிரசங்கிக்கிறார்.

வேதம் அளவுகோல் எனில், திருமண ஓலை வாசிக்கும் மேடையிலிருந்தே அது தொடங்கட்டும். ஒரே அப்பத்தைப் பிட்டு உண்ணும் இருவர் ஒரே வீட்டில் வாழக்கூடாதென்று சொல்லும் வசனம் எது என்று சபையார் தங்கள் போதகரிடம் கேட்கட்டும்.