ஆறரை மெட்டு

டல்சிமர்னு சொன்னதும் குச்சியால தட்டி வாசிக்கிற, நம்ம சந்தூர் மாதிரி ஒண்ணு ஞாபகம் வந்தா, அது வேறங்க. நான் சொல்றது மவுண்டன் டல்சிமர். நான் குப்பை கொட்டிக்கிட்டிருக்கிற இந்த கென்டக்கியோட கிழக்கு மலைகள்ல ரொம்ப நாளா புழங்குற வாத்தியம். மடியில கிடத்தி, இடது கையில ஒரு சின்னக் குச்சியால பாட்டுத் தந்தியை அழுத்தி நகர்த்திக்கிட்டே, வலது கையில இறகால மீட்டணும். மத்த ரெண்டு தந்தியும் சும்மா 'ங்ங்ங்'னு கூடவே வரும். தம்பூராவை உள்ளேயே வச்சுக் கட்டின மாதிரி.

பழைய டல்சிமர்ல எல்லா ஸ்வரத்துக்கும் மெட்டு கிடையாது (வீணையில சொல்ற அதே மெட்டுதான்). பியானோவில வெள்ளைக் கட்டை மட்டும் இருந்தா எப்படியோ, அப்படி. வேற ராகம் வேணும்னா பாட்டுத் தந்தியோட சுருதியை மாத்தணும். டி-ஏ-ஏ வச்சா மூணாவது மெட்டுலேர்ந்து சங்கராபரணம். டி-ஏ-டி வச்சா மெட்டே தொடாத தந்தியிலேர்ந்து ஹரிகாம்போதி. டி-ஏ-சி நடபைரவி, டி-ஏ-ஜி கரகரப்பிரியா. ஸ்வர வரிசையைத்தான் சொல்றேன், கமகமெல்லாம் தேடாதீங்க :-)

இப்ப கடையில வாங்குற பெரும்பாலான டல்சிமர்ல ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல ஒரு மெட்டு உபரியா இருக்கு. பேரே ஆறரை. அது இருந்தா டி-ஏ-டி-லயே சங்கராபரணமும் வாசிச்சுடலாம், முறுக்காணியைத் தொடவே வேண்டாம். சௌகரியம்தான், மறுக்கலை. ஆனா அதுக்கப்புறம் யாரு மெனக்கெட்டு நடபைரவிக்கு சுருதி மாத்துவா? போதாக்குறைக்கு மூணு தந்தியையும் அழுத்தி கிடார் மாதிரி கார்டு போடறாங்க. 'ங்ங்ங்' போச்சு. அது போனா எனக்கு இது மூணு தந்தி கிடார்தான்.

"நாட்டுப்புற இசை மாறிக்கிட்டேதானே இருக்கும், உனக்கென்னப்பா?"ன்னு கூடப் படிக்கிறவன் கேட்டான். நியாயமான கேள்வி. சுத்தம், கலப்படம்னு நான் பேச வரலை. ஆராய்ச்சி பண்ணினவங்க, ஜெர்மன்காரங்க கொண்டுவந்த ஷைட்ஹோல்ட்தான் இதுக்கு மூதாதைன்னு சொல்றாங்க. இதை வெளியுலகத்துக்குக் கொண்டுபோன ஜீன் ரிச்சி (1922-2015) கென்டக்கியில வைப்பர்ங்கிற குக்கிராமத்துல 14 பிள்ளைங்கள்ல கடைக்குட்டி. அந்தம்மா நியூயார்க் போய் பாடித்தான் பேர் வாங்கினாங்க. 1952-ல ஃபுல்பிரைட் உதவித்தொகையில, வீட்டுப் பாட்டுகளோட வேரைத் தேடி பிரிட்டன், அயர்லாந்துன்னு அலைஞ்சவங்க. ஜோனி மிட்செல் 1971-ல 'ப்ளூ' ஆல்பத்துல இதே வாத்தியத்தை தன் இஷ்டத்துக்கு வாசிச்சாங்க, கேட்க அருமையா இருக்கு. அவங்க அதை மலைநாட்டுப் பாரம்பரியம்னு சொல்லி விக்கலை. அதான் வித்தியாசம்.

என் கோபமெல்லாம் 'பாரம்பரிய டல்சிமர் பயிற்சி'ன்னு போர்டு மாட்டிட்டு, முதல் நாளே டி-ஏ-டி கார்டு சொல்லிக் குடுக்கறவங்க மேலதான். அந்தப் பழைய கதைப்பாட்டுகள்ல பாதிக்கு மேல் அழகு எதுல தெரியுமா? பாட்டு எங்க அலைஞ்சாலும் அடியில அந்த ஒரே சுருதி அசையாம நிக்கிறதுல. சில ஸ்வரம் அதோட உரசும், உரசட்டுமே! கார்டு போட்டு அதைச் சமாதானப்படுத்திட்டா சோகப்பாட்டு தாலாட்டாயிடுது.

ஆறரை மெட்டு இருந்துட்டுப் போகட்டும். முதல் வகுப்புல குச்சியையும் முறுக்காணியையும் கையில குடுங்க, கார்டை மூணாம் மாசம் பார்த்துக்கலாம். குச்சிக்கு ஒரு மூங்கில் துண்டு போதும்.