டேகுக்கெல்லாம் எதுக்கு ஒரு க்ளாஸ்?

ஜாவாவில் பொட்டி தட்டும் மக்களுக்கு அபாச்சி இசிஎஸ் ஞாபகம் இருக்கலாம். ஹெச்டிஎம்எல்லை ஸ்டிரிங் ஸ்டிரிங்காக ஒட்டாமல், டேகுக்கு ஒரு க்ளாஸ்னு கொடுத்த லைப்ரரி. 2010-லேயே மூட்டை கட்டிட்டாங்க. ஆனா பழைய சர்வ்லெட் கோடைத் திறந்தா இன்னும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு, எங்க லேபிலும்தான்.

அதோட க்ளாஸ் பெயர்களைப் பாருங்க. டிடி, டிஆர், ஐஎம்ஜி எல்லாம் முழுக்கப் பெரிய எழுத்து. டேபிள், பாடி, ஃபார்முக்கு முதலெழுத்து மட்டும் பெரிசு. ஓஹோ, சுருக்கப் பெயர்னா முழுசும் பெரிசு போலன்னு ஒரு விதியைக் கண்டுபிடிச்சு சந்தோஷப்பட்டா, ஹெச்டிஎம்எல் க்ளாஸில் முதல் ஹெச் மட்டும்தான் பெரிசு! அதைவிடச் சுருக்கப் பெயர் எது சாமி? (பெரிசு சின்னது இல்லாத எழுத்தில் படிச்ச நமக்கு இந்தத் தலைவலி கொஞ்சம் கூடுதல்.)

2000-இல் எக்ஸ்ஹெச்டிஎம்எல் வந்து, டேகெல்லாம் சின்ன எழுத்தில்தான் இருக்கணும்னு சொல்லிடுச்சு. உடனே இசிஎஸ்ஸில் தனி பேக்கேஜ் போட்டு க்ளாஸ் பெயர்களையே சின்ன எழுத்தாக்கிட்டாங்க. ஜாவா மரபுப்படி க்ளாஸ் பெரிய எழுத்தில் தொடங்கணும். வெளியே அச்சாகும் எழுத்துக்கும் உள்ளே வைக்கும் பெயருக்கும் என்னங்க சம்பந்தம்?

மோதல் வேற. 'மேப்'னு ஒரு டேக் இருக்கு, ஜாவா யுடிலிலும் ஒரு மேப் இருக்கு. ரெண்டு பேக்கேஜையும் நட்சத்திரம் போட்டு இம்போர்ட் செஞ்சுட்டு மேப்னு எழுதினா, எந்த மேப்னு கேட்டு கம்பைலர் மறியல் பண்ணும். ஆப்ஜெக்ட் டேகுக்கு மட்டும் உஷாரா ஆப்ஜெக்ட்எலிமென்ட்னு பேர் வச்சவங்க, மேப்பை ஏன் அம்போன்னு விட்டாங்களோ! 'வார்'னும் ஒரு டேக் உண்டு. 2018-இல் வந்த ஜாவா 10, சின்ன எழுத்தில் அந்தப் பெயரை எந்த க்ளாஸுக்கும் வைக்கக் கூடாதுன்னுடுச்சு.

டேக் தெரிஞ்சவனுக்கு க்ளாஸ் பெயர் தானா வரும்பாங்க. நியாயம்தான், ஆனா எதைப் பெரிசா அடிக்கணும்னு தெரியாதே! என்னைக் கேட்டா, டேக்னா மெத்தடா இருக்கட்டும். பின்னாடி வந்த ஜே2ஹெச்டிஎம்எல் அப்படித்தான் செய்யுது. மெத்தட் சின்ன எழுத்தில் தொடங்குறதுதான் ஜாவா மரபு, ஹெச்டிஎம்எல்லும் இப்போ பெரும்பாலும் சின்ன எழுத்தில்தான் எழுதறோம். சண்டையே இல்லை. மேப், வார்னு மெத்தட் வைக்க இன்னிக்கும் தடை கிடையாது.

அங்கே 'க்ளாஸ்' அட்ரிபியூட்டுக்கு, மத்த அட்ரிபியூட்டுகளுக்கு வச்ச மாதிரியே முன்னாடி 'வித்' ஒட்டி, 'வித்க்ளாஸ்'னு வச்சிருக்காங்க. வெறும் 'க்ளாஸ்'னு வைக்க நினைச்சாலும் முடியாது, அது ஜாவாவோட கீவேர்டாச்சே!