வலி நீங்குதலும் வலிமை மீள்தலும்

இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகள் மலிந்த மலைநாட்டில், வாஸ்டேல் என்னும் பள்ளத்தாக்கு ஒன்றுண்டு. அங்கே ஜூலைத் திங்களில் நெடுந்தூர மலையோட்டம் ஒன்று நடைபெறுவது வழக்கம். அதன் தொலைவு 21 மைல். வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 9,000 அடியாகும். இங்கிலாந்தின் முடிகளுள் மிகவுயர்ந்ததாகிய ஸ்காஃபெல் பைக்கையும் ஏறி இறங்கியே ஓட்டத்தை முடித்தல் வேண்டும். 1982-இல் பில்லி பிளாண்ட் என்பார் இதனை 3 மணி 25 நிமிடத்தில் ஓடி முடித்தார் என்றால், அந்நாட்டாரின் கால்வலிமையை என்னென்பது!

இவ்வோட்டம் முடிந்த மறுவாரமே, பல ஆண்டுகளில், வேல்ஸ் நாட்டின் ஸ்நோடன் மலையோட்டம் வந்துவிடுகின்றது. லான்பெரிஸ் என்னும் ஊரினின்று 1,085 மீட்டர் உயர்ந்த அம்மலையின் உச்சிக்கு ஓடி, மீண்டும் ஊர்க்கே இறங்குதல் வேண்டும். போக வர 10 மைல். “21 மைல் ஓடியவனுக்கு 10 மைல் எம்மாத்திரம்?” என்று எண்ணி இரண்டிற்கும் பெயர் கொடுக்க ஒருவனுக்கு ஆசை எழுதல் இயல்பே. அவ்வெண்ணம் தவறுடைத்து என்பதே என் கருத்து. காரணம் கூறுவல்.

ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கமோ தசையை வாங்கும். மலையேறுங்கால் தொடைத் தசை சுருங்கி உடலை உயர்த்துகின்றது. இறங்குங்காலோ அத்தசையே நீண்டுகொண்டு உடலின் பாரத்தைத் தாங்கி, ஒவ்வோர் அடியிலும் வேகத்தைத் தடுக்க வேண்டியுள்ளது. அதனால் தசையிழைகள் நுண்ணியவாய்ச் சிதைவுறுகின்றன. இதன் நோவு உடனே முற்றத் தோன்றாது. மறுநாள் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சியடைந்து, ஒரு வாரத்திற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆயின், சிதைந்த தசை தன் பழைய வலிமையைப் பெறுதற்கு, கடுமையான இறக்கத்தின் பின், ஒரு வாரத்திற்கு மேலும் செல்லக்கூடும். தசையிற் சேமிக்கப்பெறும் கிளைக்கோஜன் என்னும் எரிபொருளும், மற்றைக் காலங்களில் நல்லுணவால் ஓரிரு நாளில் நிரம்புவது, சிதைந்த தசையில் மெல்லவே நிரம்பும். ஆகவே வலி நீங்குதல் வேறு. வலிமை மீள்தல் வேறு. மறு சனிக்கிழமையோ இவ்விரண்டிற்கும் இடையில் வந்து நிற்கின்றது. வலி இன்மையால் ஓடுவோன் தன்னைத் தேறியவனென்றே நம்புகின்றான். ஐந்து மைல் ஏற்றத்தில் அந்நம்பிக்கை நிலைக்கவும் கூடும். ஐந்து மைல் இறக்கத்தில் முழங்கால் மடங்கும்போதே உண்மை விளங்கும்.

“ஒருமுறை நொந்த தசை மறுமுறை அத்துணை நோவதில்லையே” என்பர் சிலர். அஃது உண்மையே. ஆயினும் அப்பயன் சில வாரங்கள் நிலைத்து நிற்பது. அதனை நுகர்தற்கு ஏழாம் நாளே ஓட வேண்டுவதில்லை. வேறு சிலர் வாஸ்டேலின் ஆட்டிடையராகிய ஜாஸ் நேலரை எடுத்துக்காட்டுவர். 2024-இல் மறைந்த அப்பெரியார், 1986-இல் தம் ஐம்பதாம் வயதில், ஏரி நாட்டின் 214 குன்றுகளை 7 நாளும் 1 மணி 25 நிமிடமுமாக ஓடி முடித்தாரன்றோ? முடித்தார். ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் அம்மலைகளில் ஆட்டின்பின் ஏறியிறங்கியவர். ஆண்டில் ஒன்பது திங்கள் நாற்காலியில் அமர்ந்து நூல் பயிலும் நம்மனோர் அவரைச் சான்று காட்டுதல், புலியைக் கண்டு பூனை சூடிட்டுக்கொண்ட கதையாம்.

நிற்க. மலையோட்டம் அயல்நாட்டதாயினும், கால் எந்நாட்டிலும் காலே. சென்ற ஆண்டு யான் ஒரு சனிக்கிழமை, குன்றொன்றை இருமுறை ஏறியிறங்கும் 12 மைல் ஓட்டம் ஓடினேன். வியாழனன்று வலி சிறிதுமில்லை. மறு சனிக்கிழமை எம் விடுதியின் தொடரோட்டத்தில் இறுதிப் பங்கு எனதாயிற்று. நண்பன் முதல்வனாய் வந்து கோலை என் கையிற் கொடுத்தான். பாதை சரியும் கடைசிக் கால்மைலில் என் முழங்கால் மடங்கிற்று. மூவர் என்னைக் கடந்தனர். தோழர் மூவரின் உழைப்பும் என் செருக்கால் பாழாயிற்று. எவரும் என்னைக் கடிந்திலர், அதுவே பெருந்தண்டனையாயிற்று.

“கால் என்னுடையது, பிறர்க்கென்ன?” என்பார்க்கும் இதுவே விடை. பிரிட்டனில் மலையில் இடருற்றாரை மீட்கும் குழுவினர் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஒருவன் செருக்கினால் விழுந்தால், பலர் தம் வேலையை விட்டு மழையிலும் பனியிலும் மலையேற நேரிடும்.

மலையோட்டத்தை யான் இகழ்ந்தேனல்லேன். அதனை விரும்புவதனாலேயே இவ்வளவும் எழுதினேன். விளையாட்டுத் துறையார்க்கு ஒரு விண்ணப்பம்: நெடுந்தூர ஓட்டங்களிரண்டை அடுத்தடுத்த வாரங்களில் வையாதீர், இடையே மூன்று வாரமேனும் விடுக. ஓடும் நண்பர்காள், உமக்கும் ஒரு சொல்: வெள்ளிக்கிழமை மாலை வலியைக் கேளாதீர், விடுதியின் படிக்கட்டைக் கேளுங்கள். கைப்பிடி பற்றாது முன்போல் விரைந்து இறங்க இயலவில்லையாயின், மறுநாள் ஓடுவோர்க்குத் தண்ணீர் கொடுக்கச் செல்லுங்கள். ஓட்டங்களின் எண்ணிக்கையைப் பெருக்குதல் பெருமையன்று. அடுத்த ஆண்டும் ஓடத்தக்க காலோடு வீடு திரும்புதலே பெருமை.