நீக்கியாச்சுன்னு யார் சொன்னா?

'டெப்ரிகேட்டட்'னா 'நீக்கப்பட்டது'ன்னு தமிழ்ல எழுதுறவங்களைப் பார்த்தா எரிச்சலா வருது. நீக்கம் இல்லை வே! லத்தீன் மூலத்துல அது வேண்டாம்னு வேண்டிக்கிறது. ஆங்கிலத்துல, இது சரியில்லைன்னு சொல்றது. நம்ம பொட்டி தட்டுற தொழில்ல, 'இருக்கு, ஆனா புதுசா தொடாதே'. ஜாவாவுல 'திரெட்.ஸ்டாப்'பை 1998ல டெப்ரிகேட் பண்ணாங்க. 2023ல ஜாவா 20 வர்ற வரைக்கும் ஓடுச்சு. நீக்கிட்டாங்கன்னு நம்புனவன் பழைய நிரல்ல தேடியே பார்த்திருக்க மாட்டான்.

(டிப்ரிஷியேட்டோட குழப்புறவங்க தனி ரகம். அது வண்டி விலை குறையுற சமாச்சாரம்.)

1978ல எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டப்ப தும்பிக்கை வச்ச 'லை'யை ஓரங்கட்டினாங்க. நெல்லைங்கிற பேர்லயே இருக்கிற எழுத்து! பழைய புத்தகத்துல அதைப் பார்த்தா தச்சநல்லூர்ல யாரும் வாசிக்காம விடுறதில்லை. அப்படி எழுதுறதுதான் இல்லை. டெப்ரிகேட்டுன்னா அதான். 'தவிர்க்கவும்'னு எழுதுங்கய்யா.